பொன்னுமணி வாத்தியாரின் காலுக்கு ஒரு குறையுமில்லை

1

“…கேட்டிருந்தா நான் வரமாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன், ராயசம். ஆனா கேட்டிருக்கணும்.”

இதைச் சொன்னவர் பொன்னுமணி வாத்தியார். பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் தமிழ் வாத்தியார். நான் அங்கே ராயசம், அதாவது குமாஸ்தா. அவர் பேசிக்கொண்டு வந்ததில் முன்பாதி என் காதில் ஏறவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மேஜைமேல் இருந்த மைக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பின்பாதி மட்டும் ஏறியது. ஏறினது இன்றுவரை இறங்கவில்லை. பதினாலு வருஷமாகிறது. கடல் தாண்டிக் கொழும்புக்கு வந்து, குடித்தனமாகி, ஒரு மகளும் பிறந்து வளர்ந்தும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்ல எனக்கு முகம் இருக்காது.

2

நான் இங்கே ஒரு கல்லூரி ஆபீசில் இரண்டாம் குமாஸ்தா. லண்டன் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற கல்லூரி. காலையில் டிராமில் போய் இறங்கினால் பரீட்சை விண்ணப்பங்கள், பேராசிரியர்களின் லீவுக் கடுதாசிகள், எந்த வகுப்புக்கு எந்த அறை என்கிற பட்டியல் என்று பொழுது போய்விடும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மூன்று பிரதி. அதில் ஒன்று நிச்சயம் லண்டனிலிருந்து திரும்பி வரும். இந்த மாணவனின் குடும்பப் பெயர் எது, தகப்பன் பெயர் எது என்று கேட்டிருப்பார்கள். நம் பக்கத்தில் அப்படி இரண்டு இல்லை என்று நானும் வருஷா வருஷம் பதில் எழுதுகிறேன். அவர்களும் வருஷா வருஷம் கேட்கிறார்கள். கேட்கட்டும். கேட்கிறவனை நான் இப்போதெல்லாம் குறை சொல்வதில்லை.

இந்த வருஷம் வந்த புதிய பிரின்ஸிபல் துரை ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். கல்லூரி விழாவன்று, நன்றாகப் பாடம் நடத்துகிற ஆசிரியர் ஒருவருக்கும், ஆபீசிலோ பரிசோதனைச் சாலையிலோ நன்றாக வேலை செய்கிறவர் ஒருவருக்கும் மேடையில் வைத்து வெள்ளிப் பதக்கம் கொடுப்பது. யாருக்கு என்று அவர் தனியாக முடிவு செய்யவில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் துண்டுக் காகிதத்தில் பேரும் காரணமும் எழுதிப் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து என் மேஜையில் ஒரு அட்டை இருந்தது. பதக்கம் எனக்காம். அட்டையின் கீழே அச்சடித்த இரண்டு சொற்கள்: ‘வருவேன்’, ‘வர இயலாது.’ இரண்டில் ஒன்றை அடித்துவிட்டு அட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் தலைமைக் குமாஸ்தா வேலுப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“என்ன காணும், பேயறைஞ்ச ஆள் மாதிரி நிக்கிறீர்? நல்ல விசயம்தானே?”

“நல்ல விஷயந்தான்.”

“பின்னை? உமக்கு ஏன் குடுக்கினம் தெரியுமோ? நான் எல்லாத் துண்டையும் எண்ணினனான். பத்துப் பேரில எட்டுப் பேர் ஒண்டைத்தான் எழுதியிருக்கினம். இந்த மனுசன் ஒருத்தரையும் கேக்காமல் ஒண்டும் செய்யாதாம். கூட்டிற பொம்பிளையிட்டக்கூட, ‘இண்டைக்கு மேல்மாடி கூட்ட உமக்குச் சௌகரியமோ’ எண்டு கேப்பீராம். தங்கமான பழக்கமாம்.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது தங்கமான பழக்கம் இல்லை. சூடுபட்ட பூனையின் பழக்கம். சூடு எங்கே பட்டது என்று கொழும்பில் யாருக்கும் தெரியாது.

அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். நாலு நாள் சுவரிலிருந்த படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். மகள் கோமதி கண்டுபிடித்துவிட்டாள். அவள் பிறந்தது இங்கே, படிக்கிறது இங்கே. அவள் வாயில் நம் ஊர்ப் பேச்சு வருவதே நின்றுபோய்விட்டது.

“அப்பா, நீங்கள் பதில் குடுக்காட்டி அவை என்னெண்டு கதிரை போடுறது?”

“நாக்காலின்னு சொல்லு மக்கா” என்றாள் என் மனைவி அடுக்களையிலிருந்து. “எண்டு எண்டுன்னு ஒரே எண்டாக்கும் இந்த வீட்டில.”

“நாற்காலியோ கதிரையோ, எண்ணிக்கைக்குத்தானே அம்மா கேக்கினம். வருவீங்களோ மாட்டீங்களோ எண்டு கேக்கிறதில என்ன இருக்கு?”

என்ன இருக்கு என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? அவளுக்கு அது நாற்காலி எண்ணுகிற விஷயம். அவளை ஒருத்தரும் கேட்காமல் விட்டதில்லை. அது அவளுடைய குற்றமில்லை, அவளுடைய பாக்கியம். ஆனால் நான் ஒரு மனிதனை அந்த ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டவன் என்பதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை. ஆகவே இங்கே, உங்களிடம் சொல்கிறேன்.

3

பொன்னுமணி வாத்தியார் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் தகப்பனார் பனையேறி. பனையிலிருந்து விழுந்துதான் செத்தார். வாத்தியார் தானாகப் படித்து, மிஷன்காரர்கள் வழியில் போகாமலே பரீட்சை எழுதி, சர்க்கார் பணம் கொடுத்து நடந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவர்.

பனை சுரக்கிற மாதங்களில் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பாதிப் பெஞ்சு காலியாகிவிடும். பிள்ளைகள் அக்கானிக் கலயம் சுமக்கவும், விடிலியில் அடுப்புக்குச் சருகு தள்ளவும் போய்விடுவார்கள். விடிலி என்றால் அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற ஓலைக்குடிசை. மற்ற வாத்தியார்கள் வராத பிள்ளைகளின் பேரைச் சிவப்பு மையில் அடித்துவிடுவார்கள். வேலை குறைந்தது என்று சந்தோஷமும் படுவார்கள். பொன்னுமணி வாத்தியார் ஒரு பேரையும் அடிக்கமாட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு விடிலி விடிலியாக நடப்பார். கவிழ்த்துப்போட்ட பானைமேல் உட்கார்ந்துகொண்டு, அடுப்புக்கு முன்னால் மணலைப் பரப்பிப் பாடம் சொல்வார்.

“அக்கானி கொதிக்கதுக்கு முன்ன ஏழாம் வாய்ப்பாடு, பதம் வாறதுக்கு முன்ன எட்டாம் வாய்ப்பாடு” என்பார். “பதம் தப்பினா ஆத்தா அடிப்பா. வாய்ப்பாடு தப்பினா நான் அடிப்பேன். எப்பிடியும் அடி உண்டு மக்கா, அதனால ரெண்டையும் பாத்துக்கோ.”

இப்படி ஒரு நாளைக்கு ஆறேழு மைல் நடக்கிற கால் அவருடையது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பனைக்காலத்தில் சென்னைப் பக்கத்துக்காரரான இன்ஸ்பெக்டர் ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் வந்தார். காலிப் பெஞ்சைப் பார்த்துக் கத்தலாம் என்று வந்தவர், வாத்தியாரின் பின்னாலேயே மூன்று விடிலிக்கு நடந்தார். அங்கே புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பிள்ளைகள் கணக்குச் சொல்வதைக் கேட்டார், ஓலைப் பட்டையில் அக்கானி வாங்கிக் குடித்தார், திரும்பி வந்து பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் ஒரு முழுப் பக்கம் எழுதினார். தாம் பார்த்த வாத்தியார்களிலேயே இவரைப்போல் இன்னொருவர் இல்லை என்று முடித்திருந்தார். அதில் ஒரு பிரதி கல்வி ஆபீசுக்கும் போனது.

இவ்வளவு பேர் வாங்கிய மனிதர் எங்கள் ஆபீஸ் அறைக்குள் வந்ததில்லை. வராந்தாவோடு நின்றுவிடுவார். காலையில் வருகைப் புத்தகத்தைப் பியூன் மாதவன் வெளியே கொண்டுபோய்த் திண்டில் வைப்பான். வாத்தியார் அங்கேயே நின்று கையெழுத்துப் போடுவார். வராதே என்று யாரும் சொல்லவில்லை. சட்டம் ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. அப்படித்தான் நடந்தது. மழைக்காலத்துப் பக்கங்களைப் புரட்டினால் சாரல் விழுந்து அவர் கையெழுத்து மட்டும் கலங்கியிருக்கும். அந்தப் பக்கங்களை மாதா மாதம் கூட்டிப் பார்த்து ஒப்பம் போட்டவன் நான். ஒரு நாளாவது ஏன் என்று எனக்குத் தோன்றியதில்லை.

4

அந்த வருஷம் மகாராஜா திருமனசின் பிறந்தநாளை ஒட்டி நல்ல வாத்தியார்களை அழைத்துப் பட்டும் வளையும் கொடுப்பதாக உத்தரவு வந்தது. நம் நாட்டில் அதற்குமேல் ஒரு மரியாதை கிடையாது. பட்டு தோளில் விழுந்தால் ஏழு தலைமுறைக்கு அந்த வீட்டுப் பேச்சே மாறிவிடும். எங்கள் பகுதியிலிருந்து எங்கள் பள்ளிக்கூடம் ஒரு பேர் சொல்ல வேண்டும்.

ஹெட்மாஸ்டர் கேசவ பிள்ளை சார் மலையாளி. மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “எடோ, இதில் ஆலோசிக்கான் ஒண்ணுமில்ல. பொன்னுமணி மதி, வேற ஆரும் வேண்டா. எழுதிக்கோ.”

எழுதி அனுப்பினேன். அதுவரை எல்லாம் சரி.

இரண்டாவது தாள் வந்தபோது ஹெட்மாஸ்டர் ஒற்றசேகரமங்கலத்தில் தம் சகோதரி மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நாலு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வந்த தாளில் எட்டுக் கேள்விகள்; பதிலைத் தனித்தாளில் ஹெட்மாஸ்டர் ஒப்பத்தோடு அனுப்ப வேண்டும். பேர், வீட்டுப் பேர், வயது, சாதி, வேலையில் சேர்ந்த நாள் என்று போய், எட்டாவதாக இது: குறித்த நாளில் திருவனந்தபுரம் கோட்டைக்குள் நேரில் வந்து ஏற்றுக்கொள்ளச் சௌகரியமுண்டா? இல்லையெனில் காரணமும், பதிலுக்கு வேறொருவர் பேரும் எழுதுக.

நாலாவது கேள்விக்கு அவர் சாதியை எழுதின பேனா எட்டாவதில் வந்து நின்றுவிட்டது. கோட்டைக்குள் அந்த மண்டபத்துக்குப் போகக் கோவில் தெருவைக் கடக்க வேண்டும். அந்தத் தெருவில் வாத்தியாருடைய சாதிக்காரர்கள் கால் வைக்கக்கூடாது. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். தாளை அச்சடித்தவன் மட்டும் இப்படி ஒருத்தர் பேர் வரும் என்று நினைத்திருக்கமாட்டான்.

மாதவன் கதவில் சாய்ந்து நின்றான். ஊர்ப் பழமொழி அத்தனையும் அவன் மடியில் இருக்கும்.

“என்ன ராயசம், பிள்ளையாருக்க மொகத்தில ஈ இருந்த மாதிரி இருக்கிய?”

“எட்டாவது கேள்விடே. வர சௌகரியம் உண்டான்னு கேட்டிருக்கு.”

“வாத்தியாரு அந்தா முற்றத்தில நிக்காரு. கூப்பிட்டுக் கேட்டா தீந்துது.”

“அதை மொகத்துக்கு நேர எப்பிடிடே கேக்க? அந்தத் தெருவில நீரு போகப்பிடாது, போவீரான்னு கேக்கவா? மனசு நோவாதா?”

மாதவன் யோசித்தான். “பொத்தி வச்ச புண்ணும் நோவத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனான்.

ஜன்னல் வழியாக வாத்தியார் தெரிந்தார். இருபது அடி தூரம்தான். நான் எழுந்து போகவில்லை.

நம் பக்கத்து மரியாதை உங்களுக்குத் தெரியாததில்லை. போக மனசில்லாத வீட்டுக் கல்யாணத்துக்கு நமக்குக் காய்ச்சல் வரும். பிடிக்காத பந்திக்கு வயிற்றுவலி வரும். ‘மாட்டேன்’ என்ற சொல்லை நேரே சொல்லிவிட்டால் அது வெட்டு. நோவைச் சொன்னால் இரண்டு பக்கமும் முகம் வாடாது. இந்த மரியாதையைத்தான் அவருக்கும் செய்கிறேன் என்று நினைத்தேன். ‘சௌகரியமில்லை’ என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், ‘காலில் வாதம், நடக்க இயலாது’ என்று எழுதினேன். தலைவலி என்று எழுதியிருக்கலாம், கண்நோய் என்று எழுதியிருக்கலாம். தெருவையும் காலையும் பற்றியே நினைத்துக்கொண்டிருந்ததால் நோவும் காலுக்கே போய்விட்டது.

இனிமேல் எழுதப்போவதுதான் கஷ்டம். பதிலுக்கு வேறொருவர் பேர் என்ற இடத்தில் சங்கரலிங்கம் பிள்ளை என்று எழுதினேன். அவர் கணக்கு வாத்தியார். மதியத்துக்குமேல் வகுப்பில் தூங்குவார், பிள்ளைகள் அவர் குடுமியில் காகிதம் கட்டுவார்கள். அவர் என் கூடப்பிறந்த அக்காளின் வீட்டுக்காரர்.

அது தானாக வந்து விழுந்த பேர் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் பதினாலு வருஷமாக நம்பிப் பார்க்கிறேன், முடியவில்லை. ‘எனக்க வீட்டுக்காரருக்கு ஒரு நல்லது நடக்கப்பிடாதா’ என்று அக்காள் பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். வாத்தியார் மனசு நோகக்கூடாது என்ற நினைப்பும், அக்காள் முகம் மலர வேண்டும் என்ற நினைப்பும் ஒரே பேனாவில் ஒன்றாக இறங்கின. எது முந்தி இறங்கியது என்று எனக்கே தெரியாது. தெரியாது என்று சொல்வதும் ஒருவேளை இன்னொரு நோவோ என்னவோ.

5

அத்தான் வில்வண்டி கட்டித் திருவனந்தபுரம் போனார். பட்டைத் தோளில் போட்டு, வளையைக் கையில் போட்டுக்கொண்டு திரும்பினார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் பட்டோடுதான் வந்தார். கையை வேண்டுமென்றே உயர்த்திக் கரும்பலகையில் எழுதினார்.

கேசவ பிள்ளை சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எடோ, ஞான் பறஞ்ஞது பொன்னுமணியுடெ பேரல்லே?”

“மேல மாத்திட்டாங்க சார்” என்றேன். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று.

பொன்னுமணி வாத்தியாருக்கு ஒன்றும் தெரியாது. தம் பேர் ஒரு தடவை போனதோ, நோவோடு திரும்பியதோ தெரியாது. வராந்தாவில் நின்று அத்தானைப் பார்த்துக் கும்பிட்டார். “வளை கைக்குச் சேருது பிள்ளைவாள். நல்லாயிருக்கணும்” என்றார். மனசோடுதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

மாதவன்தான் என் காதுக்குக் கேட்கும்படி தூணைப் பார்த்துச் சொன்னான்: “வேணும்னா பலாச்சக்கை வேரிலயும் காய்க்கும்னு மலையாளத்தான் சொல்லுவான். இங்க அத்தான் கையிலயில்லா காய்ச்சிருக்கு.”

6

சர்க்கார் தாள் தூங்கும், சாகாது. நாலு மாதம் கழித்து அது எழுந்து வந்தது. கல்வி ஆபீசில் யாரோ ஒருவர் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்று, இந்த வாத்தியார் தினமும் மைல் கணக்காக நடந்து பாடம் சொல்கிறார் என்று இன்ஸ்பெக்டர் எழுதினது. மற்றது, இந்த வாத்தியாருக்குக் காலில் வாதம், நடக்க இயலாது என்று பள்ளிக்கூடம் எழுதினது. நடக்க முடியாதவர் விடிலிக்குப் போனது எப்படி? பத்து நாளுக்குள் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் உடம்பைக் காட்டிச் சர்ட்டிபிகேட் தராவிட்டால் வேலையிலிருந்து விடுவிக்கப்படுவார்.

ஹெட்மாஸ்டர் வாத்தியாரை வரச்சொல்லி, வராந்தாவுக்கு வந்து நின்று, தாளை உரக்க வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கியது. வாத்தியார் தம் கால்களைக் குனிந்து பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இது ஆரு எழுதி?” என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பினார். வாத்தியாரும் திரும்பினார். நான் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“நாளைக்கு நெய்யாற்றின்கரைக்குப் போயிட்டு வாறேன் சார்” என்றார் வாத்தியார். அவ்வளவுதான்.

வேலை போனால் அவருக்கு வேறு கதியில்லை. மனைவி, மூன்று பெண்பிள்ளைகள், தாயார். திரும்பவும் பனையேறுகிற வயசுமில்லை. நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்: ‘அது பொய், அவரைக் கேட்காமல் நான் எழுதியது.’ அவரை யாரும் ஆஸ்பத்திரிக்கு இழுக்கமாட்டார்கள். என் வேலை போயிருக்கும், அத்தான் கை வளைக்கும் கேள்வி வந்திருக்கும். அந்த ஒரு வரியை மனசுக்குள் பத்து விதமாக எழுதிப் பார்த்தேன். எழுத்து என்னவோ அழகாகத்தான் வந்தது. தாளில் இறங்கவில்லை.

மறுநாள் தபால் கொண்டுபோன மாதவன் நெய்யாற்றின்கரையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் உட்காரவில்லை.

“வேட்டியைத் தொடைக்கு மேல தூக்கச் சொன்னாவ. இருக்கச் சொன்னாவ, எழும்பச் சொன்னாவ. முற்றத்தில அங்கயும் இங்கயும் நடத்தினாவ. மருந்துக்கு வந்த சனமெல்லாம் சுத்தி நின்னு பாத்துது. நம்ம பிள்ளையளுக்க தாய்தகப்பனும் உண்டு அதில. சந்தையில மாடு பாக்குத மாதிரி ஆக்கும் ராயசம். பல்ல மட்டுந்தான் பிடிச்சுப் பாக்கல்ல.”

“வாத்தியாரு என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவாரு? நடன்னு சொன்னாவ, நடந்தாரு.”

7

அடுத்த வருஷம் நான் தூத்துக்குடியில் கப்பல் ஏறினேன். எதற்குப் போகிறீர் என்று அங்கேயும் ஒரு தாளில் கேட்டிருந்தார்கள். ‘உத்தியோகம்’ என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில் நான் நேராக எழுதினதே இல்லைபோலிருக்கிறது.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். ‘வர இயலாது’ என்று அனுப்பினேன் என்று எழுதினால் இந்தக் குறிப்பு அழகாக முடியும். அப்படி அனுப்பவில்லை. ஐந்தாம் நாள் ‘வருவேன்’ என்பதை விட்டுவிட்டு மற்றதை அடித்தேன். போனேன். புதுக் கோட்டு போட்டுக்கொண்டு போனேன். யாரையும் கேட்காமல் எதையும் செய்யாதவர் என்று துரை மேடையில் வாசித்தார். கை தட்டினார்கள். மகள் முன்வரிசையில் இருந்தாள். பதக்கத்தைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். வாங்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் உங்களிடம் மறைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “என்னப்பா, முகம் ஒரு மாதிரி?” என்றாள் கோமதி. களைப்பு என்றேன். பாருங்கள், மறுபடியும் ஒரு நோவு.

அந்த வாரமே பொன்னுமணி வாத்தியாருக்குக் கடிதம் எழுதினேன். பதினாலு வருஷத்தில் முதல் கடிதம். நடந்ததை நம் ஊர்ப் பத்திரிகைக்கு எழுத நினைக்கிறேன், உங்கள் பேரைச் சொல்லலாமா, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன். இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு கார்டு வந்தது. அதே உருண்டை எழுத்து:

‘எழுதிக்கொள்ளும். பேரை மாற்ற வேண்டாம். இந்தத் தடவை எனக்கு நோய் ஒன்றும் கொடுக்காதேயும்.’

மன்னித்தேன் என்று அதில் இல்லை. நானும் கேட்கவில்லை. ஆகையால் பாறசாலை, குன்னத்துகால், பெருங்கடவிளைப் பக்கத்தில் இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியது ஒன்றுதான். அவருக்கு வாதம் இருந்தது, அதனால்தான் பட்டு கைமாறியது என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு உலவியது. வாதம் இருந்ததில்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. அந்தப் பேர் அவருடையது. திருப்பி அனுப்பினது நான்.

8

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் காலை. வருகைப் புத்தகம் திண்டில் இருந்தது. வாத்தியார் கையெழுத்துப் போட்டார். மடித்த சர்ட்டிபிகேட்டைப் புத்தகத்தின்மேல் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லை எடுத்து அதன்மேல் வைத்தார். நான் ஆபீஸ் வாசலில் நின்றேன். பிறகு நிற்க முடியாமல் போய் என் மேஜையில் உட்கார்ந்துகொண்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

“வாத்தியாரே, உங்களுக்குச் சங்கடம் வரப்பிடாதேன்னு ஆக்கும் நான்…”

அவர் பேச ஆரம்பித்தார். சத்தமாக இல்லை. வகுப்பில் தப்புக் கணக்கைத் திருத்துகிற குரல்தான். முன்பாதி எனக்கு ஏறவில்லை என்று சொன்னேன். பின்பாதியை மேலே எழுதிவிட்டேன். சொல்லி முடித்தார். மணி அடித்தது.

தமிழ் வகுப்பு முற்றத்துக்கு அந்தப் பக்கம். அவர் எப்போதும் நிதானமாகத்தான் நடந்து போவார். அன்றைக்கு ஜன்னலருகிலேயே குனிந்து வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்து இறுக்கிக் கட்டினார். பித்தான் போட்ட கோட்டு, தலைப்பாகை எல்லாம் அப்படியே இருக்க, ஓட ஆரம்பித்தார். நேராக வகுப்புக்கு ஓடவில்லை. ஹெட்மாஸ்டர் அறைக்கு முன்னால் ஓடினார், அத்தானுடைய வகுப்பு ஜன்னல்களை ஒட்டி ஓடினார், கிணற்றைச் சுற்றினார். பிள்ளைகள் ஜன்னல்களில் வந்து அப்பினார்கள். ஒருத்தன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். கேசவ பிள்ளை சார் பொடி டப்பாவோடு வெளியே வந்து அப்படியே நின்றார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. வாத்தியார் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினார். முழு முற்றத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி என் ஜன்னலைக் கடந்தார். என்னைப் பார்க்கவில்லை. வகுப்பு வாசலில் போய் நின்றார், மூச்சு வாங்கவில்லை. வேட்டியை இறக்கிவிட்டார், தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டார், வாசற்படியில் காலின் மண்ணைத் துடைத்துவிட்டு உள்ளே போனார்.